அருக்காணியைப் பார்த்த செய்தி

கொல்கத்தா
14.10.2024

அன்புள்ள பட்டுவுக்கு மன்னியின் அநேக ஆசீர்வாதம்.

சரஸ்வதி பூஜையன்று நம் வீட்டுக் கொலுவுக்கு வந்தவர்கள்: உன் ஹோமிலிருந்து செக்ரட்டரி ஷிப்ராதி, சமையல் ஷெபாலிதி, உன் இடத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்னேகா, ஹோம் பெண்களில் ஃபூல்மதி, சாபித்ரி, வாயே திறக்காத அந்தப் பெரியவள், கீழ்வீட்டு போஸ் மாஷிமா, அவருடைய புது மருமகள். நானும் உன் அண்ணாவும். லேக் மார்க்கெட் பக்கத்து நம்மவர்கள் ஒருவரும் வரவில்லை, சாயங்காலம் அப்படி மழை. நீ இல்லாத முதல் கொலு.

பகவான் கிருபையில் நாங்கள் க்ஷேமம். உன் அண்ணாவுக்கு இருமல் மட்டும் நிற்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மஹாதேவனும் வத்சலாவும் சௌக்கியமா? தம்பி வீடானாலும் அடுத்தவர் வீடுதான். வேண்டியதைக் கூச்சப்படாமல் கேள்.

போஸ் வீட்டு மருமகள், "இவங்கள்லாம் யாரு மாஷிமா?" என்று என் காதோடு கேட்டாள். ரயில் மாறி ஏறி, புத்தி தடுமாறி, ஹௌரா ஸ்டேஷனில் கிடைத்த பெண்கள், பெஹாலா ஹோமில் வைத்தியம் பார்த்து ஊர் கண்டுபிடித்து அனுப்புவார்கள், என் நாத்தனார் முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தாள் என்றேன். "இருந்தாளா?" என்று ஷெபாலிதி பாய்ந்துவிட்டாள். "இன்னும் இருக்கா. ராஜினாமால ஷிப்ராதி கையெழுத்துப் போடலை. மார்ச் முடியற வரைக்கும் போடவும் மாட்டா. என்ன ஷிப்ராதி?" ஷிப்ராதி சுண்டலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பட்டு, அவளுக்கு உன்மேல் கோபமில்லை. ஊருக்கு அனுப்பிய பெண்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டாம், மூன்று தடவை போன் செய்தால் போதும் என்ற புது விதி அவள் போட்டது இல்லை, பணம் கொடுக்கிறவர்கள் போட்டது. நீ அன்றைக்கு மேஜைமேல் காகிதத்தை வைத்துவிட்டு வந்தது அவளை என்னவோ செய்திருக்கிறது.

ஷெபாலிதி இன்னும் ஊருக்குப் போய்விட்ட அருக்காணிக்கு ஒரு பிடி அரிசி சேர்த்தே உலை வைக்கிறாளாம். "பட்டுதி ஊருக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து, அவ அங்க நன்னா சாப்பிடறான்னு என் அடுப்படியில வந்து சொல்லாம நான் எப்படி நிறுத்தறது? போன் வந்து சொல்லுமா?" என்கிறாள்.

உன் அறையைத் தினமும் பெருக்குகிறேன். மார்ச்சுக்குள் வந்துவிடுவாய் என்றே நினைக்கிறேன். நீ கைபேசியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியதில் எனக்கு இந்த வயதில் கையெழுத்து திருந்துகிறது.

மன்னி
மீனாக்ஷி


கோயம்புத்தூர்
29.10.2024

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம்.

முழங்கால் இந்த ஊர்க் காற்றுக்குச் சமாதானமாகிவிட்டது. அண்ணாவுக்குக் கஷாயம் போட்டுக் கொடுங்கள், ஃப்ரிட்ஜ் ரசகுல்லாவை ஒளித்து வையுங்கள்.

வந்தவர்கள் பெயரைப் படித்ததும் கூடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ராத்திரி எத்தனை நேரமானாலும் பெஹாலா டிராம் சத்தம் கேட்டதும் குமுட்டியில் அப்பளம் வாட்டுவீர்களே, அந்த வாசனை இப்போது வந்தது. டிராம் நின்று பல வருஷமாகிவிட்டது. அப்பளம் மட்டும் பஸ்ஸுக்கும் தொடர்ந்தது.

மன்னி, நான் கோபத்தில் எழுதிக் கொடுத்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கோபம்தான், ஆனால் யோசித்த கோபம். போனில் யார் வேண்டுமானாலும் "நல்லா இருக்காங்க" என்று சொல்லலாம். வாசலில் போய் நின்றால்தான் அவள் எந்தத் தட்டில் சாப்பிடுகிறாள், எங்கே படுக்கிறாள், குழந்தைகள் அவளிடம் போகிறார்களா என்று தெரியும். ஒரு விதி வந்துவிட்டது என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு, பார்த்தேன் என்று எழுத முடியாது. அவ்வளவுதான் நான் இந்த வேலையில் கற்றது.

அதனால் ஒரு காரியம் செய்யப் போகிறேன். தமிழ்நாட்டுக்கு நான் அனுப்பிவைத்தவர்களை ஒவ்வொருவராக நானே போய்ப் பார்த்துவிடுவது. முதலில் அருக்காணி. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம்தான். ஏழு வருஷம் நம்மோடு இருந்தவள், அவள் மகன் மகேஷ் வந்து அழைத்துப் போனபோது ரயில் ஜன்னலில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று போனிலும் மருமகள் கவிதாதான் பேசினாள். ஒரே ஒரு தடவை அருக்காணி குரல்: "நல்லா இருக்கேன் டீச்சர்." எனக்கு அது போதவில்லை.

தீபாவளி கழித்துப் போகிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஷெபாலிதி அதுவரை அரிசி போடட்டும்.

பட்டு


கொல்கத்தா
12.11.2024

அன்புள்ள பட்டுவுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை ஸ்னேகாவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பெண் அப்பா வழியில் தமிழ், பேச்சில் முக்கால்வாசி வங்காளி, உனக்குத்தான் தெரியுமே. ஹோமுக்கே போய் ஷெபாலிதிக்கு அதை மொழிபெயர்த்தாளாம். மத்தியானம் அடுப்படியில் ஒரே பேச்சு அருக்காணியைப் பற்றித்தான்.

எனக்கு அவள் நம் வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்தது ஞாபகம் வந்தது. வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனுங்க, இப்புடியா கரும்ப வெட்டுவாங்க?" என்று உன் அண்ணா கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள். பாங்கில் இருபது பேரை அதட்டியவர் வாயைத் திறக்காமல் நகர்ந்துகொண்டார். ஷெபாலிதிக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஷெபாலிதி இன்றைக்கும் அதில் ஒரு துளி சர்க்கரை போட்டு, "ரொஷொம்" என்று பேர் வைத்துப் பரிமாறுகிறாள். அருக்காணி அதைக் கண்டு அழுதே விட்டாள், சிரிப்பு தாங்காமல்.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள், என்ன புடவை கட்டியிருந்தாள், உன்னைப் பார்த்ததும் என்ன சொன்னாள், எல்லாம் எழுது.

ஸ்னேகாதான் வாடிப் போயிருக்கிறாள். நேற்று வந்தவள் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். "மாமி, நான் டயர்ட் ஆயிட்டேன். நாற்பது பேர். நாள் முழுக்க ரிப்போர்ட். போன்ல கேக்கறேன், நல்லா இருக்காங்கன்னு சொல்றாங்க, டிக் போடறேன். ராத்திரி வந்து அந்த டிக் எல்லாம் கனவுல வருது. பட்டுதி எப்படி முப்பது வருஷம் இருந்தாங்க?" என்றாள். எனக்கென்ன தெரியும்? அவளுக்குச் சாதம் போட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். வேறு வேலைக்கு மனு போட்டிருக்கிறாளாம்.

பதில் எதிர்பார்க்கும்
மன்னி


கொல்கத்தா
6.12.2024

அன்புள்ள பட்டுவுக்கு,

ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. மஹாதேவனுக்குப் போன் போட்டேன், "அக்கா நன்னாத்தான் இருக்கா, கோவிலுக்குப் போயிருக்கா" என்றான். நீ கோவிலுக்குப் போகிறாய் என்றதும்தான் எனக்குக் கவலை வந்தது.

ஷெபாலிதி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அருக்காணியைப் பார்த்தாயா?

மன்னி


கோயம்புத்தூர்
20.12.2024

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இரண்டு கடிதமும் வந்தன. தாமதத்துக்கு மன்னியுங்கள். மார்கழிக் குளிர் இங்கே உங்கள் குளிர் அளவுக்கு இல்லை, ஆனால் வத்சலா விடிவதற்கு முன்னே எழுந்து கோலம் போடுகிறாள். நானும் பக்கத்தில் நின்று மாவுக் கிண்ணம் பிடிக்கிறேன். முழங்கால் மறுபடி கொஞ்சம் வலிக்கிறது.

அருக்காணி நன்றாக இருக்கிறாள். அரிசியை நிறுத்தச் சொல்லி ஷெபாலிதியிடம் சொல்லுங்கள்.

மற்றவர்களைப் பார்க்கப் போகவில்லை. முழங்கால் சரியானதும் பார்க்கலாம். அண்ணாவுக்கு நமஸ்காரம் சொல்லுங்கள்.

பட்டு


கொல்கத்தா
16.1.2025

அன்புள்ள பட்டுவுக்கு மன்னியின் பொங்கல் ஆசீர்வாதம்.

பானை பொங்கிற்று. உன் அண்ணா கரும்பை அவர் பாணியிலேயே கோணலாக வெட்டினார். பிள்ளை நரேன் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தான். அத்தை அறையில் படுக்கிறேன் என்றான், வேண்டாம் என்று கூடத்தில் பாய் போட்டேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. நீ ஜெயித்துவிட்டாய். ஷிப்ராதி நேரில் வந்து சொன்னாள். பணம் கொடுக்கிறவர்களுக்கு நீ எழுதிவைத்துப் போன காகிதத்துக்கு நகல் எடுத்து அனுப்பி, கடிதம்மேல் கடிதம் எழுதி, கடைசியில் அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கலாம், ரயில் செலவு தருவார்கள். "மீனாக்ஷிதி, அவ வந்து முதல் டிக்கெட்டை எடுத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று ஷிப்ராதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நீ வந்தால் போதும். ராஜினாமா காகிதத்தை உன் கண்ணெதிரே கிழித்துப் போடுவாளாம். ஸ்னேகாவும் நீ வந்தால் இருக்கிறேன் என்கிறாள், இன்டர்வியூ இரண்டு ஆகிவிட்டது.

வந்துவிடு பட்டு. எல்லாரும் கேட்கிறார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஷெபாலிதியிடம் நீ சொன்னதைச் சொன்னேன். ஒரு பிடியைக் குறைத்தாள். நல்ல செய்தி என்று ஹோமில் சங்கு ஊதினார்கள், பாயசம் வைத்தார்கள். ஆனால் என்னிடம் வந்து, "அவ புடவை என்ன கலர்னு பட்டுதி எழுதலையா?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஒரிஸ்ஸாவில் யாரையோ பார்த்துவிட்டு வந்தால், அவள் வீட்டு ஆட்டுக்குட்டி பெயர்வரை சொல்லி, சாப்பாட்டை ஆறவிட்டு என்னையும் தூங்கவிடமாட்டாயே நீ. இந்தத் தடவை ஒரே வரி.

அங்கே என்ன நடந்தது?

மன்னி


கோயம்புத்தூர்
9.2.2025

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். அண்ணா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள், பிறகு உங்கள் இஷ்டம்.

புடவை வாடாமல்லி நிறம். புதுசு. உடம்பு பூசினாற்போல் இருந்தாள். பால் சொசைட்டி வாசலில் கேனோடு நின்று நாலு பெண்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் ஹோமில் பார்த்தது அந்த ரொஷொம் அன்றைக்கு மட்டும்தான்.

சந்தோஷம் தாங்காமல், "அருக்காணீ!" என்று கூப்பிட்டேன். திரும்பினாள். என்னை நன்றாகத் தெரிந்தது அவளுக்கு. கேன் மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்காமல், தலைப்பை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, தெருவோடு போயே போய்விட்டாள்.

"யாருங்க நீங்க? அருக்காணியக்காள எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். மன்னி, எத்தனை வருஷ வேலை! எத்தனை பேருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன், கேட்டவர்களிடமெல்லாம் பெண்ணின் கதையைச் சொல்லாதே என்று! எனக்கு அந்த நேரத்தில் பெருமை தலைக்கேறியிருந்தது. "கல்கத்தாவில எங்க ஹோம்ல ஏழு வருஷம் இருந்தா. நான்தான் குணமாக்கி அனுப்பினேன்" என்றேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது மருமகள் கவிதா ஒரு சொம்பு மோரோடு வேகமாக வந்தாள். சின்னப் பெண். மூச்சு வாங்கியது.

"குடிங்க மேடம், வெயில்ல வந்திருக்கறீங்க" என்றாள். குடித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, "அத்தை சேட்டு வீட்ல சமையலுக்கு இருந்தாங்கன்னுதானுங்க ஊர்ல சொல்லியிருந்தோம். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எல்லா வீட்லயும் தெரிஞ்சிருமுங்க" என்றாள்.

"தெரியாம சொல்லிட்டேன்மா" என்றேன்.

"உங்களத் தப்பாச் சொல்லலீங்க. அத்தை உங்கள நெனச்சு வெளக்கு வெப்பாங்க. ஆனா நீங்க போன் பண்ணற அன்னிக்கெல்லாம் தூங்க மாட்டாங்க. கூட்டிட்டுப் போறதுக்கு வருவாங்களான்னு என்னைக் கேட்டுட்டே இருப்பாங்க. அதனாலதான் நானே போனை எடுத்துப் பேசிடறது." சொம்பை வாங்கிக்கொண்டாள். "இனிமே வராதீங்க மேடம். கோவிச்சுக்காதீங்க."

எனக்கு அவள்மேல் சந்தேகம் இருந்தது மன்னி. அவள்தான் அருக்காணியைப் போனில் பேசவிடாமல் செய்கிறாள் என்று. அவளோ பாதுகாத்துக்கொண்டிருந்தாள், என்னிடமிருந்து.

எத்தனை வாசலில் நான் இப்படிப் போய் நின்றிருக்கிறேன். எல்லாரும் காபி கொடுத்தார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். அதில் எத்தனை பேர் நான் பஸ் ஏறுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களோ. ஜெயித்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த முதல் டிக்கெட்டை எடுப்பேன்?

ஷிப்ராதியைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பட்டு


கொல்கத்தா
20.2.2025

அன்புள்ள பட்டுவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அண்ணா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், கொடுத்தேன். படித்துவிட்டு பால்கனியில் போய் நின்றார். திரும்பி வந்து, "அந்த மருமகள் பொண்ணு நல்ல பொண்ணு" என்றார்.

ஷிப்ராதியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. வத்சலாவிடம் சொல்லி முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொள். பிறகு எழுதுகிறேன்.

மன்னி


கொல்கத்தா
22.3.2025

அன்புள்ள பட்டுவுக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

உன் அண்ணாவின் இருமல் நின்றது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஒரு மாதம் நான் எழுதாததற்குக் காரணம் உண்டு, படி.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்னேகா வந்தாள். வங்கி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "பட்டுதி வருவாங்களா?" என்று கேட்டாள். நான் அருக்காணி பேரை எடுக்கவில்லை. "அவ ஒருத்தியைப் பார்க்கப் போனா. அந்த வீட்ல அவ வந்ததை விரும்பலை. அதான் வரமாட்டேங்கறா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஸ்னேகா செருப்பில் பாதிக் காலோடு நின்றுவிட்டாள். "நாம அவங்களைக் கேக்கவே இல்லையே மாமி" என்றாள். போய்விட்டாள்.

மறுவாரம் ஃபூல்மதியும் சாபித்ரியும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஷெபாலிதி பாயசத்துக்குக் கூப்பிட்டிருந்தாள், போனேன். ஸ்னேகா இரண்டு பேரையும் தனித்தனியாக மாடிப்படியில் உட்காரவைத்து, நாங்கள் உன்னைப் பார்க்க வரலாமா, போன் போதுமா, இல்லை எதுவுமே வேண்டாமா என்று கேட்டாள்.

ஃபூல்மதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "வராதே தீதி. சந்தை அன்னிக்கு மத்தியானம் போன் போடு. மாமியார் சந்தைக்குப் போயிருப்பா. ராங் நம்பர்னு நான் சொன்னா வச்சுடு, ரெண்டு வாரம் கழிச்சுப் போடு."

சாபித்ரி நேர்மாறு. "கட்டாயம் வரணும்! பஸ்ல வரக்கூடாது, கார்ல வரணும். நல்ல புடவை கட்டிண்டு, ரெண்டு பேரா வரணும். என் ஓரகத்தி வாசல்ல ஒரு தடவை ஹார்ன் அடிக்கணும்."

ஸ்னேகா சிரித்த சிரிப்பில் வாயே திறக்காத அந்தப் பெரியவள்கூட எட்டிப் பார்த்தாள். ரொம்ப நாளாயிற்று ஸ்னேகா அப்படிச் சிரித்து. வங்கி வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டுமாம். அவள் பாடு.

பிறகு நான் ஷிப்ராதி அறைக்குப் போய் நீ சொன்னதைச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்தாள், காகிதத்தை எடுத்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே பட்டு, அந்த வேலை முடிந்தது. இனி யாரும் உன்னை மார்ச் ஏப்ரல் என்று கேட்கமாட்டார்கள். நீ கவலையில்லாமல் இரு.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணாவிடம், கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் பாருங்கோ, நான் போய் அவளைக் கூட்டிண்டு வரேன் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அவளைக் கேட்டியோ?" என்றார்.

கேட்கவில்லை. இத்தனை கடிதத்திலும் வா, வா என்றுதான் எழுதியிருக்கிறேன். ஹோம் கூப்பிடுகிறது, ஷிப்ராதி கூப்பிடுகிறாள், ஸ்னேகா கூப்பிடுகிறாள் என்று எழுதினேன். கூப்பிட்டதெல்லாம் நான்தான். நீ இல்லாமல் இந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நேரமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் அது என் விஷயம்.

டிக்கெட் எடுக்கவில்லை. ஸ்னேகா கேட்ட மாதிரியே கேட்கிறேன். நான் அங்கே உன்னைப் பார்க்க வரலாமா? இல்லை, கடிதம் போதுமா? இல்லை, கொஞ்ச நாளைக்கு அதுவும் வேண்டாமா? மூன்றில் எதைச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுதமாட்டேன், பொய்யாகிவிடும். ஆனால் நீ சொல்கிறபடி செய்வேன்.

சீக்கிரம் பதில் போடு.

மன்னி
மீனாக்ஷி